கைபேசித் திரையின் வெளிச்சத்தை அளவறிந்து வைக்கும் முறை

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

ஏர், மண்வெட்டி, அரிவாள் முதலிய கருவிகளைக் கையாளும் விதத்தை நம் விவசாயிகளுக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. அரிவாளுக்குப் பதம் பார்ப்பதும், மோட்டாருக்கு எண்ணெய் பார்ப்பதும், மருந்து தெளிக்கும் கருவியை வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைப்பதும் அவர்களுக்குப் பழக்கத்தால் வந்தவை. ஆனால் இக்காலத்தில் பெரும்பாலான மிராசுதாரர்களின் சட்டைப்பையிலும் கிராம உத்தியோகஸ்தர்களின் கையிலும் காணப்படும் ஸ்மார்ட்போன் என்னும் கைபேசியைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. மழைக் குறிப்பு அறிவதற்கும், விளைபொருளின் விலையை விசாரிப்பதற்கும், 2018-ம் வருஷத்தில் சர்க்கார் வெளியிட்ட உழவன் செயலியில் மானிய விவரங்களைப் பார்ப்பதற்கும், கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஓட்டி நிறுத்துவதற்கும் அது ஓர் இன்றியமையாத கருவியாகிவிட்டது. அக்கருவியைப் பேணும் முறையோ இன்னும் நம்மிடையே நன்றாய்ப் பரவவில்லை.

நான் செல்லும் கிராமங்களில் கைபேசியைப் பற்றி இரண்டு குறைகளை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, காலையில் நிரப்பிய பாட்டரி பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடுகிறது என்பது. மற்றொன்று, சற்று நேரம் பார்த்தாலே கண் எரிந்து நீர் வடிகிறது என்பது. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு காரணங்கள் உண்டாயினும், இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. அது, திரையின் வெளிச்சத்தை இடத்துக்கும் வேளைக்கும் தக்கபடி ஏற்றியும் இறக்கியும் வையாமல், ஒரே அளவில் விட்டுவிடுவதாகும்.

சென்ற சம்பாப் பருவத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அறுபது வயதுக்கு மேற்பட்ட மிராசுதாரர் ஒருவர், தம் நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்த இடங்களைப் படமெடுத்து வைத்திருந்தார். உச்சி வேளையில் வயல் நடுவே நின்று அப்படங்களை எனக்குக் காட்ட முயன்றபோது, திரையில் எங்கள் இருவர் முகமும் ஆகாயமும் தெரிந்தனவேயன்றிப் படம் தெரியவில்லை. “ஐயா, வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றுங்கள்” என்று நான் சொன்னேன். அவ்வாறே ஏற்றினார், படம் ஒருவாறு தெரிந்தது, புழுவுக்குச் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டு நான் திரும்பிவிட்டேன்.

அன்றிரவு அவருக்கு முறைத் தண்ணீர். பதினோரு மணிக்கு மடை திருப்பப் போனவர், மணி பார்ப்பதற்காகக் கைபேசியைத் திறந்திருக்கிறார். பகலில் ஏற்றிய வெளிச்சம் அப்படியே இருந்தபடியால் கண் கூசிப்போயிற்று. திரையை அணைத்துவிட்டு வரப்பில் அடி வைத்தபோது வரப்பும் தெரியவில்லை, வாய்க்காலும் தெரியவில்லை. கால் இடறி வாய்க்காலில் விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. மகனைக் கூப்பிட எடுத்த கைபேசியோ, நாள் முழுவதும் முழு வெளிச்சத்தில் எரிந்து, சிறிது நேரத்தில் உயிரற்றுப் போயிற்று. அடுத்த முறைக்காரர் பின்னிரவில் வந்து தூக்கிவிடும் வரையில் அவர் வரப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தை ஏற்றச் சொன்னவன் நான். வேலை முடிந்தபின் இறக்கச் சொல்ல மறந்தவனும் நானே. அம்மறதிக்குப் பரிகாரமாகவே, அன்று சொல்லாமல் விட்டதை இங்கே விவரமாய் எழுதுகிறேன்.

பாட்டரியின் கொள்ளளவு

தற்காலத்துக் கைபேசிகளில் சாதாரணமாய் 5,000 மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரி இருக்கிறது. மின்சாரக் கணக்கில் இது சுமார் 19 வாட்-மணி ஆகும். வீட்டுத் திண்ணையில் எரியும் 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்றை இரண்டு மணி நேரம் எரிப்பதற்கே அது காணும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணியாதலால், பாட்டரியை ஒருமுறை நிரப்புவதற்கு ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான்.

இதைக் கேட்டவுடன், “இவ்வளவு அற்பமான செலவுக்குச் சிக்கனம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இங்கே சொல்லும் சிக்கனம் காசைப் பற்றியதன்று, சமயத்தைப் பற்றியது. ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் தலைமடையில் வீணாகும் நீரை யாரும் கணக்கிடுவதில்லை. கடைமடைப் பயிர் பால் பிடிக்கும் தறுவாயில் நீரின்றி வாடும்போதுதான் அந்த நீரின் அருமை தெரிகிறது. பாட்டரியும் அத்தகையதே. வீட்டில் இருக்கும்போது அது குறைவதைப் பற்றிக் கவலையில்லை. மின்வசதியில்லாத வயலில், இரவில், ஆபத்து வேளையில் அது மிச்சமிருக்க வேண்டும்.

கைபேசியைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரத்தை அதிகமாய் உண்ணும் உறுப்புகளில் திரை முக்கியமானது. கோபுரத்தின் சிக்னல் பலவீனமாயுள்ள இடங்களில் அதைத் தேடுவதற்கும், இடங்காட்டும் ஜி.பி.எஸ். ஏற்பாட்டுக்கும், காமிராவுக்கும் செலவு உண்டு. ஆனால் அவற்றை நாம் எளிதில் அளந்து குறைக்க முடியாது. திரையின் வெளிச்சமோ விரல் நுனியில் இருக்கும் மடைப்பலகை போன்றது. வேண்டிய அளவு திறக்கலாம், வேண்டாதபோது இறக்கலாம்.

அன்றியும், கைபேசியிலுள்ள லித்தியம் பாட்டரி, முழுவதும் தீர்ந்து முழுவதும் நிரம்பும் சுற்றுகள் ஏற ஏறத் தேய்வடையும். சாதாரணமாய் 500 முதல் 1,000 சுற்றுகளுக்குப் பிறகு அது முதலில் கொண்ட அளவில் நூற்றுக்கு 80 பங்கே கொள்ளும். நாள்தோறும் இரண்டு முறை நிரப்புகிறவருடைய பாட்டரி, ஒருமுறை நிரப்புகிறவருடையதைவிடச் சீக்கிரம் மூப்படைவது இயல்பு.

நண்பகலில் வயல்வெளியில்

நண்பகலில் திறந்தவெளியில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் அளவு இருக்கும். நல்ல நிழலில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். வீட்டுக்குள் இரவு விளக்கின் கீழ் 100 முதல் 300 லக்ஸ் வரையில்தான் இருக்கும். பௌர்ணமி நிலவிலோ அது கால் லக்ஸ் அளவே. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குள் ஒரே திரை வேலை செய்யவேண்டியிருக்கிறது.

நண்பகல் வெயிலில் வைத்த ஒரு வெள்ளைக் காகிதம் சுமார் 25,000 நிட் அளவுக்குப் பிரகாசிக்கும். நிட் என்பது ஒரு பரப்பு நம் கண்ணுக்குக் காட்டும் பிரகாசத்தை அளக்கும் அளவை. சாதாரண விலைக் கைபேசியின் திரையை முழுவதும் ஏற்றினால் கிடைப்பது 500 நிட் அளவு. உயர்ந்த விலையுள்ளவற்றில் 1,000 நிட்டுக்கு மேலும் கிடைக்கும். ஆக, வெயிலிலுள்ள காகிதத்தோடு ஒப்பிட்டால் நம் திரை ஐம்பதில் ஒரு பங்குக்குச் சமம். போதாததற்குத் திரையின் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 4 பங்கு அளவைக் கண்ணுக்கே திருப்பியனுப்புகிறது. தூசியும் விரல்தடமும் படிந்திருந்தால் அதன்மேல் விழும் வெயில் சிதறி, படத்தை இன்னும் மங்கச் செய்யும்.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், பாட்டரியைக் கொண்டு சூரியனோடு போட்டியிட்டு ஜெயிக்க முடியாது என்பதே. வெளிச்சத்தை ஏற்றுவதற்கு முன் வெயிலைத் தடுப்பதே உத்தமம். நெல்லுக்குத் தழைச்சத்துத் தேவையை அறிய இலை வண்ண அட்டையை உபயோகிக்கும் விவசாயிகள், இலையைத் தம் உடல் நிழலில் வைத்துப் பார்க்கவேண்டுமென்பதை அறிவார்கள். கைபேசிக்கும் அதே விதிதான். வெயில் சாய்ந்திருக்கும் வேளைகளில் நம்முடைய நிழல் திரையின்மேல் விழுமாறு திரும்பி நிற்க வேண்டும். உச்சி வேளையில் வரப்போரத்து மர நிழலுக்குப் போவது நல்லது. மரமில்லாவிடத்தில், நம் பெரியவர்கள் கையில் எப்போதும் இருந்த கறுப்புத் துணிக்குடை மிகவும் பிரயோஜனமானது. அது வெயிலைத் தடுப்பதோடு, திரையில் ஆகாயம் பிரதிபலிக்கும் இடத்தில் கறுப்புத் துணியைப் பிரதிபலிக்கச் செய்வதால் எழுத்து தெளிவாய்த் தெரிகிறது. நிழலில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், அங்கே கிடைக்கும் தெளிவைத் திறந்த வெயிலில் பெறுவதற்குத் திரையின் பிரகாசத்தைப் பலமடங்கு பெருக்க வேண்டியிருக்கும். எந்தச் சாதாரணக் கைபேசியாலும் அது ஆகாது.

பயிர் நிலவரத்தைக் கைபேசியில் பதிவு செய்யும் கிராம நிர்வாக அலுவலர்களும் விவசாய இலாகாச் சிப்பந்திகளும் இதை விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். அவர்கள் திரை, காமிரா, ஜி.பி.எஸ். மூன்றையும் வெயிலில் ஒருங்கே உபயோகிக்கிறார்கள். கைபேசி மிகவும் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் திரை தானாகவே மங்கிவிடும். அப்போது அதைப் பழுதென்று எண்ணி மேலும் ஏற்ற முயல்வது வீண். நிழலில் சிறிது நேரம் அணைத்து வைத்தால் பழைய நிலைக்கு வரும். சூடேறிய கைபேசியை உடனே குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் சுற்றுவதும், வெயிலில் நிற்கும் டிராக்டரின் மேலோ ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியிலோ வைப்பதும் தவறு. அதிகச் சூட்டில் பாட்டரி நிரந்தரமாய்க் கெடும்.

கறுப்புக் கண்ணாடி அணிபவர்கள், திரை முழுவதும் இருண்டு தெரிந்தால் கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். சிலவகைக் கண்ணாடிகள் ஒரு திசையில் வரும் திரையொளியைத் தடுத்துவிடும். திசை மாறினால் தெரியும்.

படத்தில் தெரியும் இலையின் நிறம்

திரையின் வெளிச்சத்தை ஏற்றுவதாலும் இறக்குவதாலும் நாம் எடுக்கும் படம் மாறுவதில்லை. திரை மங்கலாயிருந்தால் படமும் மங்கலாய் விழுந்துவிட்டதென்று எண்ணிப் பலர் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். எடுத்த படத்தை நிழலில் வைத்துப் பார்த்தே அது தெளிவா அல்லவா என்று முடிவு செய்ய வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. இரவில் கண்ணுக்கு இதமாயிருக்கவேண்டித் திரையை மஞ்சள் சாயலாக்கும் ஏற்பாடு அநேகக் கைபேசிகளில் இருக்கிறது. அது இயங்கும்போது பசுமையான இலையும் சற்றுப் பழுப்பேறியதுபோல் தோன்றும். அத்தோற்றத்தைக் கண்டு பயிருக்குத் தழைச்சத்துக் குறைவென்று நினைத்து யூரியா இட்டால், பணநஷ்டத்தோடு பூச்சிநோய்களையும் வரவழைத்ததாகும். ஆகையால் இலையின் நிறத்தைத் திரையில் ஆராயும் முன்னர் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். கூடியவரையில் இலையை நேரில் கண்ணால் பார்த்தே முடிவு செய்வது உசிதம்.

வீட்டிலும் அலுவலகத்திலும்

பெரும்பாலான கைபேசிகளின் முன்புறத்தில், காது வைத்துக் கேட்கும் இடத்தினருகே, சுற்றுப்புற வெளிச்சத்தை அறியும் சிறு உணர்வி ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அது அறிந்து சொல்லும் அளவுக்குத் தக்கபடி திரை தானே கூடிக் குறையும். இதற்கு ஆட்டோ பிரைட்னெஸ் அல்லது அடாப்டிவ் பிரைட்னெஸ் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செட்டிங்ஸ் பகுதியில் டிஸ்பிளே என்னும் தலைப்பின் கீழ் இதைக் காணலாம். 2018-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9-ம் பதிப்பு முதல், உரிமையாளர் ஏற்றி இறக்கும் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதற்கிணங்க நடக்கும் விதமாகவும் இது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் முதல் சில தினங்கள் அளவு ஒவ்வாமல் தோன்றினால் உடனே இதை நிறுத்திவிடாமல், கையால் சரிப்படுத்திக் கொண்டே வரவேண்டும். புதுக் காளையை ஏருக்குப் பழக்குவதுபோல் பொறுமையாய்ப் பழக்கினால் சில நாளில் சொன்னபடி கேட்கும்.

இவ்வேற்பாடு சரியாய் இயங்காததற்குப் பல சமயங்களில் காரணம், உணர்வியின்மேல் சேறு படிந்திருப்பதும், அளவு பொருந்தாத காப்புக் கண்ணாடியோ உறையோ அதை மறைத்திருப்பதுமேயாகும். மென்மையான பருத்தித் துணியைச் சற்றே ஈரப்படுத்தித் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய் முதலியவற்றை உபயோகிக்கக்கூடாது. பூச்சிமருந்து தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கைபேசியைத் தொடவும் கூடாது. ஏனெனில் அதே கைபேசி பிறகு முகத்தில் படுகிறது. குழந்தைகள் கைக்கும் போகிறது.

கையாலேயே வைக்க விரும்புவோருக்கு ஓர் எளிய அடையாளம் சொல்லலாம். திரையில் வெண்மையான ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். திரை விளக்கைப்போல் எரிந்து தோன்றினால் அதிகம். காகிதத்தைவிடக் கறுத்துத் தோன்றினால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாய்த் தோன்றினால் அதுவே தக்க அளவு. நம் கண், வெளிச்சம் பாதியாய்க் குறைந்தாலும் பாதியாய்க் குறைந்ததாக உணர்வதில்லை. சற்றே குறைந்ததாகத்தான் உணரும். ஆகையால் கண்ணுக்குச் சிறு குறைவாய்த் தோன்றும் மாற்றம் பாட்டரிக்குப் பெரிய மிச்சமாய் முடியும்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்து தெரியவில்லையென்று வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்களில் அநேகருக்கு உண்மையில் வேண்டியது வெளிச்சமன்று. அவர்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. அதற்குப் பரிகாரம் மூக்குக் கண்ணாடியும், திரையின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதுமேயாகும். டிஸ்பிளே தலைப்பின் கீழேயே எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் இடமும் இருக்கிறது. இதை எழுதும் எனக்கும் அவ்வயது வந்துவிட்டபடியால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரிந்தாலோ, கூச்சம் நாளுக்கு நாள் அதிகரித்தாலோ, கைபேசியைக் குறைகூறிக் கொண்டிராமல் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கைபேசியின் நீலநிற ஒளி கண்ணைக் குருடாக்கிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். திரையிலிருந்து வரும் அளவு ஒளி கண்ணைப் பழுதாக்குவதாக ஆதாரமில்லை என்பதே கண் வைத்திய நிபுணர்களின் அபிப்பிராயம். கண் எரிவதற்கு முக்கிய காரணம், திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைந்து கண் உலர்ந்துபோவதாகும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி பார்ப்பது என்பது அவர்கள் சொல்லும் எளிய முறை. படுக்கைக்குப் போகும் வேளையில் பிரகாசமான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் தாமதப்படும் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. விடியற்காலையில் எழுந்து வயலுக்குப் போகவேண்டிய நமக்கு அது சிறு நஷ்டமன்று.

இரவில் வரப்பின்மேல்

இக்கட்டுரையில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வரும் கண், இருட்டுக்கு நன்றாய்ப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிஷம் வரையில் ஆகிறது. அவ்வாறு பழகிய கண் நட்சத்திர வெளிச்சத்திலும் வரப்பையும் வாய்க்காலையும் பிரித்தறியும். ஆனால் பிரகாசமான திரையைச் சில விநாடி பார்த்தாலும் அந்தப் பழக்கம் பெரிதும் கலைந்துவிடும். திரையை அணைத்தவுடன் கண்முன் கறுப்புத் திரை விழுந்தாற்போல் தோன்றுவது இதனால்தான். அந்த வேளையில் வைக்கும் அடியே ஆபத்தான அடி.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் வருஷந்தோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு என்பதை நம் விவசாயிகள் நன்கறிவார்கள். ஆதலால் இரவில் மடை திருப்பவோ மோட்டார் போடவோ செல்பவர்கள் பின்வருமாறு நடந்துகொள்ள வேண்டும்.

வீட்டைவிட்டுப் புறப்படும் முன்னரே திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும். அடிமட்டமும் அதிகமாய்த் தோன்றினால், 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-ம் பதிப்பு முதல் பல கைபேசிகளில் எக்ஸ்ட்ரா டிம் என்னும் ஏற்பாடு இருக்கிறது. அது இன்னும் தணித்துக் கொடுக்கும். வரப்பில் நடந்துகொண்டே திரையைப் பார்க்கக்கூடாது. நின்று பார்த்து, அணைத்து, கண் தெளிந்தபின் நடக்க வேண்டும். வழி பார்க்கக் கைபேசியின் விளக்கை நம்பாமல் தனியாக ஒரு டார்ச்சு விளக்கும், கையில் ஒரு கோலும், காலில் முழங்கால் வரை மூடும் ரப்பர் செருப்பும் கொண்டு போவது சிறந்தது. கைபேசியின் பாட்டரியை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஒருவேளை பாம்பு தீண்டிவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் செய்யாமல் உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த ஒரு அழைப்புக்கு வேண்டிய பாட்டரி பகலிலேயே திரையில் எரிந்து தீர்ந்துபோயிருந்தால், பிறகு வருந்திப் பயனில்லை.

திரையின் வகையும் கறுப்புப் பின்னணியும்

கைபேசித் திரைகள் முக்கியமாய் இரண்டு வகைப்படும். எல்.சி.டி. வகையில் திரையின் பின்னால் ஒரே விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். படம் கறுப்பானாலும் வெளுப்பானாலும் அதன் செலவு ஏறக்குறைய ஒன்றே. அமோலெட் வகையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கறுப்பாய்த் தெரியும் புள்ளி அணைந்திருக்கும் புள்ளி. எது நம்முடையது என்று அறிய, இருட்டறையில் முழுக் கறுப்பான படமொன்றைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றிப் பார்க்கலாம். சாம்பல் நிறமாய் மினுங்கினால் எல்.சி.டி.; இருட்டோடு இருட்டாய் மறைந்தால் அமோலெட்.

அமோலெட் திரையுள்ளவர்கள் டார்க் மோடு என்னும் கறுப்புப் பின்னணியை வைத்துக்கொண்டால் பாட்டரி மிச்சமாகும். ஆனால் இதிலும் ஓர் அளவுண்டு. அமெரிக்காவிலுள்ள பர்டியூ சர்வகலாசாலையார் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்திருக்கும்போது கறுப்புப் பின்னணியால் சராசரி நூற்றுக்கு 39 முதல் 47 வரை மின்சக்தி மிச்சமாயிற்று. வெளிச்சம் நூற்றுக்கு 30 முதல் 50 அளவிலிருக்கும்போது மிச்சமானதோ 3 முதல் 9 வரையே. ஆகவே, பின்னணியை மாற்றிவிட்டோமென்று வெளிச்சத்தை உயரவே விட்டுவைக்கக் கூடாது. முதலில் வெளிச்சத்தை இறக்குவதே பிரதானம். மற்றவை அதற்குத் துணை.

புயல் மழைக் காலத்தில்

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இருளில் கிடந்ததை டெல்டா விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலத்தில் ஒரு முறை நிரப்பிய பாட்டரியே ஊருக்கும் வெளியுலகுக்கும் உள்ள தொடர்பு. ஆகையால் புயல் எச்சரிக்கை கேட்டவுடன் கைபேசியை முழுவதும் நிரப்பி, திரையின் வெளிச்சத்தைப் பார்க்க முடிந்த அளவில் மிகக் குறைத்து, தொடாமலிருந்தால் 15 அல்லது 30 விநாடியில் திரை தானே அணையுமாறு வைத்து, வேடிக்கைப் படங்கள் பார்ப்பதை வீட்டார் அனைவரும் நிறுத்திவிட வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் தம் கைபேசிக்கும் இதையே செய்துகொள்வதோடு, ஊரில் எச்சரிக்கும்போது இதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பெரும் உபகாரமாகும்.

தாமே செய்து பார்க்கும் பரிசோதனை

புது ரக விதையை நாங்கள் சிபார்சு செய்யும்போது, “ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள், பக்கத்துப் பாத்தியில் பழைய ரகத்தையே போடுங்கள், அறுவடையில் தெரியும்” என்று சொல்வது வழக்கம். இதற்கும் அவ்வாறே சொல்கிறேன். ஒரு நாள் கைபேசியை நூற்றுக்கு நூறு நிரப்பி, சிக்னலை நிறுத்தும் பிளைட் மோடு நிலையில் வைத்து, முன்பே சேமித்து வைத்த சலனப்படம் ஒன்றை முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். முடிவில் எத்தனை குறைந்ததென்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே அறையில், அதே படத்தை, வெளிச்சக் கோட்டின் மூன்றில் ஒரு பங்கில் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு நாளும் தானியங்கி வெளிச்சம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பிறர் கூறும் கணக்கைவிடத் தம் கையால் எடுத்த இந்தக் கணக்கே ஒருவருக்கு உறுதியான நம்பிக்கை தரும்.

சுருக்கம்

1. வெயிலில் வெளிச்சத்தை ஏற்றுமுன் நிழலைத் தேடுக. குடையும் உடல் நிழலும் பாட்டரிக்குத் துணை.

2. வயலில் ஏற்றிய வெளிச்சத்தை, வயலைவிட்டு ஏறும்போதே இறக்குக. மடையைத் திறந்தவனே மடையை அடைக்க வேண்டும்.

3. தானாகச் சரிப்படுத்தும் ஏற்பாட்டைச் சில தினம் பழக்கிப் பார்க்க. உணர்வியைச் சுத்தமாய் வைக்க.

4. எழுத்து தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குக, கண்ணாடி அணிக.

5. இலையின் நிறத்தை மஞ்சள் சாயலுள்ள திரையில் பார்த்து உரமிடாதிருக்க.

6. இரவில் புறப்படும் முன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, அவசர அழைப்புக்கு வேண்டிய பாட்டரியை மிச்சம் வைக்க.

மேற்சொன்ன மிராசுதாரரை அறுவடையின்போது மறுபடியும் கண்டேன். கால் குணமாகி, களத்துமேட்டில் நெல் அளந்துகொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும் கைபேசியை எடுத்து, வேப்பமரத்து நிழலுக்குள் என்னை அழைத்துச் சென்று, அங்கே நின்று படங்களைக் காட்டினார். பார்த்து முடிந்ததும் நான் சொல்வதற்கு முன்பே விரலால் வெளிச்சத்தை இறக்கிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசிக்கும் அன்பர்கள் இவ்வளவும் நினைவில் வைக்க முடியாவிட்டாலும், அவர் செய்த இந்த ஒன்றைப் பழக்கமாக்கிக் கொண்டால் போதுமானது. இவ்விஷயத்தில் சந்தேகமுள்ளவர்கள் தங்கள் வட்டாரத்து விவசாய உத்தியோகஸ்தர் கிராமத்துக்கு வரும்போது கைபேசியைக் கொண்டுவந்து காட்டினால், அவர் கூட இருந்து சரிப்படுத்திக் கொடுப்பார்.